தாபெத்தா கேட்டு வாங்கியது

ஊர்க்கூடத்தில் தொங்கும் காலி எரிவாயு உருளையை யாரோ டங் டங்கென்று அடித்தார்கள். பசிபிக் கடலில் உள்ள அபையாங் தீவின் அந்தக் கிராமம் பாயோடு வந்து கூடியது. அன்று மதியச் சாப்பாட்டுக்குள் ருவாத்துவின் புகையிலை ஆசை அவனை விட்டு நீங்கி, அவன் மனைவி தாபெத்தாவிடம் போய்ச் சேர்ந்தது.

கூட்டம் போட்டவள் நர்ஸ் தெரீத்தி. புகையிலையை விட நினைப்பவர்கள் சபை முன் சொன்னால் ஊரே துணை நிற்கும் என்பது அவள் ஏற்பாடு. ருவாத்து அதற்கு முன்பே அவள் சொன்ன வழிகளையெல்லாம் பார்த்துவிட்டவன். புகை ஆசையை அடக்கும் மருந்துப் பட்டையைத் தோளில் ஒட்டிக்கொண்டே புகைத்தான். புகையிலைக் கட்டையைக் கிழங்குக் குழியில் புதைத்தான்; மறுநாள் சேற்றோடு தோண்டி வெயிலில் காயவைத்தான். கள் இறக்கும் ஆண்கள் தென்னை உச்சியிலிருந்து பாடுவது அங்கே வழக்கம். ருவாத்துவின் பாட்டு இரண்டாம் அடியிலேயே இருமலாகிவிடும். சமீபத்தில் இருமலோடு இரத்தமும் வந்தது.

"இந்த வாட்டியாவது விட்ருவியா, இல்ல அந்தப் பட்டையையும் சுருட்டிப் பத்தவெப்பியா?" என்றார் முதியவர் தியோனே. கூடம் சிரித்தது. ருவாத்து தலையைக் குனிந்துகொண்டான்.

தாபெத்தா எழுந்தாள். "புபுத்தி," என்றாள். அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டால் படகானாலும் பன்றியானாலும் கொடுத்துவிட வேண்டும். மறுத்தவன் பிறகு ஊரில் நிமிர்ந்து நடக்க முடியாது. "உன் ஆசைய எனக்குக் குடு."

ருவாத்து கொடுத்துவிட்டான். அவன் கொஞ்சமும் தயங்கவில்லை என்பதை எல்லாரும் பார்த்தார்கள்.

அன்றிரவு அவன் நன்றாகத் தூங்கினான். இருமல் நின்றது, உடம்பு தேறியது, பாட்டு கடைசி அடிவரை கணீரென்று வந்தது. கீழே, வாழ்நாளில் புகையிலையைத் தொடாத தாபெத்தா, யார் வீட்டுப் புகை வந்தாலும் மூக்கை அந்தப் பக்கமே திருப்பிக்கொண்டு நின்றாள். விரல் முட்டியைக் கடித்தாள். காய்ந்த தேங்காயை ஓயாமல் மென்றாள். ஒருநாளும் பற்றவைக்கவில்லை. மழைக்காலம் போனது, கொப்பரைக் கப்பல் வந்து திரும்பியது. அதே சொல்லைச் சொன்னால் அவள் திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்பது ருவாத்துவுக்குத் தெரியும். கேட்டுவிட வேண்டும் என்றுதான் தினமும் மரம் ஏறுவான். இறங்கி வந்து, "மீன் இருக்கா?" என்று கேட்பான். அவள் முகத்தைப் பார்க்காமல் சாப்பிடுவான்.

ஒருநாள் அவன் உச்சியில் பாடிக்கொண்டிருந்தபோது, கை நடுங்கி அவள் மீன் சட்டியை அடுப்பிலேயே கவிழ்த்தாள். பாட்டு நின்றது. அந்த வழியாகப் போன தியோனே வேலியருகே நின்றார்.

"புபுத்தி, தாபெத்தா. அந்த ஆசையில கொஞ்சம் எனக்கு."

"உங்களுக்குத்தான் சொந்தமாவே இருக்கே, தாத்தா!"

"இருக்கட்டும். அதோட இதையும் சேத்து வெச்சுக்கறேன்."

அவருக்குப் பின்னால் தெரீத்தி வந்தாள். பிறகு வலை பின்னிக்கொண்டிருந்த பெண்கள், பாதிரியார் எல்லாரும் வந்தார்கள்; தாபெத்தாவோடு பேச்சுவார்த்தை இல்லாத அவள் நாத்தனார்கூட வந்தாள். ஆளுக்கொரு துணுக்கு கேட்டு வாங்கிப் போனார்கள். வாங்கியவர்கள் மறுநாள் காரணமில்லாமல் சிடுசிடுத்தார்கள், தேங்காய் மென்றார்கள், அப்புறம் மறந்துபோனார்கள். அந்தத் தீவில் இப்போதும் புகையிலையை அப்படித்தான் விடுகிறார்கள்.

எல்லாவற்றையும் ருவாத்து மரத்தின் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். கடைசி ஆளும் போன பிறகுதான் இறங்கினான். தாபெத்தாவின் கைகள் மடியில் அசையாமல் கிடந்தன. எதிரே உட்கார்ந்தான். மீனைப் பற்றிக் கேட்கவில்லை.

"புபுத்தி," என்றான்.

அவள் அவனை நிதானமாகப் பார்த்தாள். "தீந்துபோச்சு, ருவாத்து. நீ போய்ப் பாடு."