எமீல் வந்த விமானம்

சைகோனிலிருந்து பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய் எமீலை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட ராணுவ விமானம் 1954 அக்டோபர் கடைசியில் வங்காள விரிகுடாவில் காணாமல் போயிற்று. நவம்பர் இரண்டாம் தேதி சாயங்காலம் அது புதுச்சேரியின் உப்பளம் பகுதியில் அவருடைய வீட்டுக்கு மேல் வந்து சுற்ற ஆரம்பித்தது. அதன் பிறகு எட்டு வருஷம் இறங்கவில்லை. முந்தின நாள்தான் பிரெஞ்சுக் கொடியை இறக்கி இந்தியக் கொடியை ஏற்றியிருந்தார்கள். ஊரே தெருவில் நின்று அதைப் பற்றி வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்ததால், தலைக்கு மேல் சுற்றிய விமானத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வாரம் வஞ்சிரம் விலை ஏறியதுதான் அவர்களுக்குப் பெரிய கவலை.

கண்ணுக்கு விமானம் தெரியாது. சத்தம் கேட்கும், வெயில் அடித்தால் நிழல் முற்றத்தைக் கடந்து சுவர் ஏறிப் போகும். வெளுத்து உலர்த்திய துணியில் எண்ணெய்ச் சொட்டு விழுகிறதென்று சலவைக்காரி கொளஞ்சி முதல் மாதம் சண்டை பிடித்தாள்; பிறகு அந்த வீட்டுத் துணியை மட்டும் தன் வீட்டில் காயவைத்துக் கொண்டுவந்தாள். முற்றத்துத் தென்னை மரங்கள் இரண்டும் காற்று சுழன்ற பக்கமாகவே முறுக்கி வளர்ந்தன. அந்தத் தெருக்காரர்கள் இன்றைக்கும் உரக்கப் பேசுவார்கள். சண்டை போடுகிறார்களோ என்று வெளியூர்க்காரர்கள் பயப்படுவதுண்டு. காரணம் இதுதான்.

எமீலின் மனைவி ஏலேனுக்கு அந்தச் சத்தம் ஆறுதலாக இருந்தது. தனக்கும் மகனுக்கும் கணவனுக்குமாக அவள் தினமும் மூன்று தட்டு வைத்தாள். விதவைகள் உடுத்தும் கறுப்பைத் தொடாமல் பூப்போட்ட நீலப் புடவையைத்தான் உடுத்தினாள். கணவர் இறந்துவிட்டதாகவும், விதவைக்கான பென்ஷனுக்குக் கையெழுத்துப் போட வேண்டுமென்றும் சொல்ல வந்த அதிகாரியை அவள் வாசலிலேயே நிறுத்தினாள்.

"மேல உயிரோட சுத்திக்கினு இருக்காரு மனுஷன். நான் எப்படிய்யா விதவையாவேன்?"

அதிகாரி அண்ணாந்து பார்த்தார். அவருக்கும் கேட்டது. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார், அப்புறம் வரவில்லை.

எமீலின் அண்ணன் அந்துவான் இதை ஒத்துக்கொள்ளவில்லை. அவர் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படையில் ஓய்வுபெற்ற சிப்பாய், பட்டாளத்து ஒழுங்கு பார்க்கிறவர். வீட்டின் பின்சுவரைத் தாண்டினால் கல்லறைத் தோட்டம். அதன் நடுப்பாதை தொடங்கும் இடத்தில் குடும்பத்துக்கென்று ஒரு நிலம் சும்மா கிடந்தது. தம்பியின் பழைய கோட்டு ஒன்றைப் பெட்டியில் வைத்து அங்கே புதைத்து, பெயர் பொறித்த கல்லும் நட்டார். பிணமில்லாத கல்லறைக்குக்கூட மரியாதை உண்டு என்பது அவர் கட்சி. ஆனால் கல்லறைத் திருநாளில் கட்டியவள் முதல் மெழுகுவர்த்தி ஏற்றாமல் மற்றவர்கள் ஏற்றக்கூடாது என்பது அந்தக் குடும்பங்களில் வழக்கம். ஏலேன் அந்தப் பக்கமே போகவில்லை. வருஷா வருஷம் நவம்பர் இரண்டாம் தேதி தோட்டம் முழுக்கச் சுடர் விடும்போது எமீலின் கல் மட்டும் இருட்டில் கிடந்தது.

மகன் எதுவாருக்கு அப்பா வந்தபோது வயது பதினேழு. பெரியப்பா அவனைப் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்த்துவிடப் பார்த்தார். அவனோ முற்றத்தில் படுத்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் அம்மாவுக்குத் தாலாட்டாக இருந்தது. அவனுக்கு அது நரகம். வீட்டு வாசல்வரை வந்துவிட்ட மனிதர் ஏன் உள்ளே வரமாட்டேன் என்கிறார்? தன்மேல் கோபமோ என்றுகூட நினைத்து அழுதிருக்கிறான். கடைசியில் பெரியப்பாவிடம் சொன்னான்: "கீழேர்ந்து எவ்ளோ கத்தினாலும் அவருக்குக் கேக்கல. நான் பக்கத்துல போய்க் கேட்டுக்கறேன்." அப்படித்தான் அவன் விமானியாகக் கிளம்பினான்.

மீனம்பாக்கத்தில் விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் எந்த நாட்டுக்காரன் என்று கேட்டார்கள். ஊர் கைமாறிவிட்டது, ஒப்பந்தம் இன்னும் முடியவில்லை, ஆகவே தனக்கே தெரியாது என்றான். சிரித்துக்கொண்டே சேர்த்துக்கொண்டார்கள். மருத்துவச் சோதனையில் காது பார்த்த டாக்டர் அவன் காதருகே குனிந்தபோது உள்ளேயிருந்து இயந்திரச் சத்தம் கேட்டது. இரட்டை இயந்திரம், கொஞ்சம் பழசு, என்றார் டாக்டர். கேட்கும் திறனில் குறையில்லை என்று எழுதிக்கொடுத்தார்.

இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானத்தில் அவன் ஏறவும் இறங்கவும் பழகினான். மேகம் படித்தான், காற்றின் கணக்கு படித்தான், ஒரு பரீட்சையில் தோற்று மறுபடி எழுதினான். அலகாபாத்தில் குளிரில் விறைத்துக்கொண்டு மேற்பயிற்சி முடித்தான். இருட்டில் இறங்கும் பாடத்துக்கு ஓடுபாதையின் இரண்டு பக்கமும் மண்ணெண்ணெய் விளக்குகளை வரிசையாக வைப்பார்கள். வரிசையில் ஒரு விளக்கு எரியாவிட்டாலும் இறங்காதே, அந்த இடத்தில் பள்ளம் இருக்கும், இல்லாவிட்டால் மாடு நிற்கும் என்பது ஆசிரியர் அடிக்கடி சொன்ன பாடம். எதுவார் அதையும் மற்றப் பாடங்களோடு சேர்த்து மனப்பாடம் செய்துகொண்டான்.

1961இல் பயணிகள் விமானத்தில் துணை விமானியாக வேலை கிடைத்தது. வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக அவன் வந்து நின்ற அன்று தெருவே வாசலுக்கு வந்தது. ஏலேன் மகனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் போய் முகத்தை மூடிக்கொண்டாள். வெளியே வந்ததும் ஒன்றே ஒன்று சொன்னாள்: "ஏர்றது பெருசில்லடா. பத்தரமா எறங்கு."

சென்னைக்கும் திருச்சிக்கும் நடுவே டக்கோட்டா விமானத்தில் போகிறபோதெல்லாம் அவன் புதுச்சேரிக்கு மேல் அப்பாவைத் தேடினான். பகலில் ஒன்றும் தட்டுப்படவில்லை. இவ்வளவு படித்து, இவ்வளவு உயரம் வந்தும் காணோமே என்று மனம் விட்டுப்போயிற்று. அந்த நவம்பர் இரண்டாம் தேதி திருச்சியில் மழையால் தாமதமாகி, விளக்கு வைக்கும் நேரத்தில் ஊருக்கு மேல் வந்தார்கள். கீழே கல்லறைத் தோட்டத்தின் நடுப்பாதை நெடுக இரண்டு வரிசையில் மெழுகுவர்த்திகள் எரிந்தன. அதை நோக்கி ஒரு பழைய ராணுவ விமானம் தாழ்ந்து போய்க்கொண்டிருந்தது. அது சுற்றியது வீட்டை அல்ல, கல்லறைத் தோட்டத்தை.

கேப்டன் வேம்பு முப்பது வருஷம் பறந்தவர். அவர் எதற்கும் ஆச்சரியப்படுவதில்லை.

"முன்னால ஒருத்தன் எறங்கப் பாக்கறான். கொஞ்சம் ஒதுங்கிப் போவோம்."

பக்கவாட்டில் கடந்தபோது ஜன்னல்களுக்குள் வெளிச்சம் இருந்தது. சிப்பாய்கள் மடியில் பையை வைத்துக்கொண்டு, இதோ இறங்கிவிடுவோம் என்று சொல்லப்பட்டவர்களாக உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது ஜன்னலில் எமீல். அதே வயது, அதே சீவிய தலை. கண்ணாடியில் நெற்றியை வைத்துக் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். எதுவார் "பப்பா" என்று கத்தினான். அவர் திரும்பவில்லை. விமானம் பாதைக்கு மேல் பனைமர உயரம்வரை இறங்கி, சட்டென்று மூக்கைத் தூக்கி மேலே ஏறிவிட்டது.

"எப்படி எறங்குவான்?" என்றார் வேம்பு. "வரிசையில மொத வெளக்கே எரியலையேப்பா."

எதுவார் அந்த இருட்டு இடத்தைப் பார்த்தான். அது யாருடைய கல் என்று அவனுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது ஏலேன் தட்டைத் தூக்கி எறிந்தாள்.

"ஏத்துனா அவரு செத்தவருன்னு ஆயிடும்டா! என் கையால நானே சாவடிக்கணுமா?"

"ஏத்தலன்னா அவரு வூட்டுக்கே வர முடியாதும்மா. எல்லாரும் மடியில பைய வச்சிக்கினு உக்காந்திருக்காங்க."

அதன் பிறகு பல மாதம் அவள் மகனோடு பேசவில்லை. 1962 ஆகஸ்டில் ஒப்பந்தம் முடிந்து ஊர் சட்டப்படியும் கைமாறியது. பிரான்ஸ் வேண்டுமென்றவர்களை எழுதிக்கொடுக்கச் சொன்னார்கள், மற்றவர்கள் இந்தியர்கள். அந்துவான் பிரான்ஸ் என்று எழுதிவிட்டுக் கப்பலுக்குப் பெட்டி கட்டினார். எதுவார் எழுதாமல் இந்தியனாகவே இருந்துவிட்டான். ஏலேன் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள். மழைக்காலம் தொடங்கியதும் அந்த இயந்திரம் இருமத் தொடங்கியது. நடுநடுவே நின்று, பிறகு ஓடியது. அது நின்ற ஒவ்வொரு தடவையும் ஏலேன் செய்கிற வேலையை விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அக்டோபர் கடைசியில் மகனைக் கூப்பிட்டுக் கேட்டாள்: "மடியில பையின்னியே, நெசமா?"

"நெசம்தாம்மா."

"எட்டு வருஷமாவா அப்படியே உக்காந்திருக்காரு?" என்று கேட்டுவிட்டு வெகுநேரம் அழுதாள். பிறகு, "நீ மேலேர்ந்து பாத்துக்க," என்றாள்.

அந்த நவம்பர் இரண்டாம் தேதி கேப்டன் வேம்பு, யாரும் கேட்காமலே, திருச்சியில் தேநீரை நிதானமாகக் குடித்து அந்தி சாயும் நேரத்துக்குப் புறப்பட்டார். உப்பளத்துக்கு மேல் வந்தபோது இரண்டு வரிசையும் எரிந்துகொண்டிருந்தன. முதல் இடம் இருட்டாகவே இருந்தது. பழைய விமானம் இருமிக்கொண்டே திரும்பித் தாழ்ந்தது. அம்மா மனம் மாறிவிட்டாள் என்றே எதுவார் நினைத்தான். அப்போது அந்த இருட்டில் பொட்டு வைத்த மாதிரி ஒரு வெளிச்சம் தோன்றி, ஒரு தடவை அணையப் பார்த்து, நிலைத்தது.

விமானம் அதற்கு மேலாகப் போய்ப் பாதையில் இறங்கியது. வரிசை முழுக்கச் சுடர்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தன, ஒன்றுகூட அணையவில்லை. அது மறுபடி ஏறவில்லை. எதுவாரின் காதுக்குள் இத்தனை வருஷம் ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் நின்றது. டக்கோட்டாவின் சத்தத்தை அவன் அன்றுதான் முதல் தடவையாகச் சரியாகக் கேட்டான்.

"எறங்கிட்டான்," என்றார் வேம்பு. "நாம போலாம்."

மறுநாள் தோட்டக்காரர்கள் நடுப்பாதையில் கிடந்த சக்கரத் தடத்தைக் கூட்டி மூடினார்கள். கொளஞ்சி பழையபடி முற்றத்திலேயே துணி காயவைத்தாள். சென்னையிலிருந்து எதுவார் வந்தபோது வீட்டில் கடல் சத்தம் கேட்டது. அப்படி ஒரு சத்தம் அங்கே உண்டென்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. ஏலேன் கறுப்புப் புடவையில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள்.

"எறங்கறப்ப ரொம்பக் குலுங்கிச்சா?"

"இல்லம்மா. மெதுவாத்தான் எறங்குச்சு."

ஏலேன் தலையாட்டினாள். பிறகு இரண்டு தட்டு எடுத்து வைத்தாள்.