படகோட்டி மகளின் முன்கதை

நிக்காஹ்வுக்கு ஒரு வாரம்கூட இல்லை. இந்த நேரத்தில் மாப்பிள்ளை தினமும் பெண் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் லெப்பைக்குடிக்காட்டில் யார்தான் சும்மா இருப்பார்கள்? அப்துல் சலாம் அதற்கு நல்ல சாக்கு வைத்திருந்தான். மச்சான் வாசிமுக்கு ஒரு விளையாட்டுச் சொல்லித் தருகிறானாம். அவன் வேலை பார்க்கிற ஷார்ஜாவில் அவனோடு ஒரே ரூமில் இருந்த பிலிப்பைன்ஸ்காரன் கற்றுக்கொடுத்தது. மந்திரவாதியும் அரக்கனும் திரிகிற ஒரு தேசம். ஆளுக்கு ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அதற்குள் இறங்கி நடக்க வேண்டும். நடத்திக்கொண்டு போவது சலாம். வீசிய வாள் பட்டதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும்.

பகடை என்று காதில் விழுந்ததுமே பெண்ணின் அம்மா ஷரீபா, ஹராமெல்லாம் இந்த வூட்டுக்குள்ள வேணாம் என்றுவிட்டாள். சலாம் மல்லுக்கு நிற்கவில்லை. ஒன்றிலிருந்து இருபது வரை சீட்டெழுதி, காலி டேங் ஜூஸ் பவுடர் டப்பாவில் போட்டுக் குலுக்கினான். மருமகன் என்ன பதவிசு என்று ஷரீபாவுக்கு அதிலும் பெருமைதான்.

மகள் பெனாசிரும் விளையாடலாம், ஆனால் ஹாலுக்கு வரக்கூடாது. நிச்சயமான பெண்ணின் குரல்கூட மாப்பிள்ளை காதில் விழக்கூடாது என்பது ஷரீபாவின் சட்டம். அதனால் அவள் உள்ரூமில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து கிசுகிசுப்பாள். அவள் தம்பி வாசிம் நிலைப்படியில் பாதி உள்ளே பாதி வெளியே உட்கார்ந்து அதை ஹாலுக்குச் சொல்வான். பெரம்பலூரில் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படிக்கிறவனுக்கு இப்படி ஒரு வேலை. ஃபேன் சத்தத்தில் அவள் பேச்சு வெளியே போகாது. சலாமின் தொண்டைதான் உள்ளே வரைக்கும் கணீரென்று கேட்கும்.

முதல் நாள் ஒவ்வொருவரும் தன் பாத்திரத்தின் முன்கதையைச் சொல்ல வேண்டியிருந்தது. பெனாசிர் ஓர் இளவரசியைச் சொல்லி அனுப்பினாள். டிராகன் வந்து ஊரை எரித்துவிட்டது, தாய் தகப்பன் எல்லாரும் போய்விட்டார்கள், அவள் பழிவாங்கக் கிளம்பிவிட்டாள். சலாம் சிரித்துவிட்டான். அவன் ரூமில் விளையாடியவர்கள் அத்தனை பேரும் இதே மாதிரி அநாதைகள்தானாம். எல்லாரையும் கொன்றுவிட்டு வந்து நின்றால் நான் எதை வைத்துக் கதை நடத்துவது என்று கேட்டான். உயிரோடு ஒரு அம்மா இருக்கட்டும், இழந்துவிடுவோமோ என்று அவள் பயப்பட ஏதாவது இருக்கட்டும், கதையை அவளே முடித்துவிடாமல் பாதியில் விடட்டும் என்றான். அப்புறம் சொன்னான்:

“அவ யாருன்னு நான் கேக்கல மச்சான். அவ எதை மறைக்கிறா? அதச் சொல்லச் சொல்லு.”

திரைக்குப் பின்னால் இருந்த பெனாசிருக்கு அவன் தன்னையே கேட்டுவிட்ட மாதிரி இருந்தது.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்து வலிப்பு உண்டு. திருச்சியில் ஒரு டாக்டரிடம் காட்டி மாத்திரை போடுவதால் இப்போது அடிக்கடி வருவதில்லை. ஆனால் வராது என்று டாக்டரும் சொல்லவில்லை. திட்டக்குடியிலிருந்து முன்பு வந்த சம்பந்தம் யாரோ காதைக் கடித்ததில் நின்றுபோனது. அதிலிருந்து ஷரீபா வாயை இறுகத் தைத்துக்கொண்டாள், மகளிடமும் அல்லாஹ் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டாள். கல்யாணம் ஆகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம் என்பதுதான் அவள் திட்டம். அப்புறம் என்றால் எப்போது? ஷார்ஜாவில், சொந்தபந்தம் யாருமில்லாத ஒரு ரூமில், அவன் கண்முன்னே இவள் கீழே விழுந்து கைகால் வெட்டி வெட்டி இழுக்கும்போதா? சொன்னால் இந்தக் கல்யாணமும் போகும், இனி எவனும் வாசல் மிதிக்கமாட்டான். சொல்லாவிட்டால் அந்த ஆளை ஏமாற்றித்தான் குடும்பம் நடத்த வேண்டும். முகம் சரியாகப் பார்க்காத அந்த ஆளை, குரலை வைத்தே அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. கஷ்டமே அதில்தான்.

மறுநாள் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு சலாம் வந்தபோது அவள் புதுக் கதையோடு உட்கார்ந்திருந்தாள். ஆற்றங்கரையில் ஒரு படகோட்டியின் மகள். காற்றைப் பார்த்தே தண்ணீர் போகும் போக்கைச் சொல்லிவிடுவாள். கடல் கடந்து வந்த ஒரு கேப்டன் அவளைத் தன் கப்பலுக்குச் சுக்கான் பிடிக்கக் கூப்பிட்டிருக்கிறான். அவளுக்கு வலிப்பு வரும் என்பது அவனுக்குத் தெரியாது.

கேட்டதும் வாசிமின் முகம் செத்துவிட்டது. அக்காவை ஒரு பார்வை பார்த்தான். பிறகு ஹால் பக்கம் திரும்பினான்.

“அவளுக்கு ஒரு கால் நொண்டி மச்சான். அதைத்தான் மறைக்கிறா.”

நடந்தாலே தெரிகிற நொண்டியை எப்படி மறைப்பாளாம் என்று சலாம் கேட்டான். வாசிம் பாவாடை நீளம், அது இது என்று உளறினான். உன்னையெல்லாம் நம்பி நாளைக்கு எவன் பாலம் கட்டுவான் என்று கேலி செய்துவிட்டு சலாம் கதையை எடுத்துவிட்டான். நடுக்கடல், புயல், பாய் கிழிந்துவிட்டது. கேப்டன் பாய்மரத்தைப் பார்க்க ஓடுகிறான். ஓடும்போது, கப்பலில் இருக்கிற அத்தனை உயிரும் உன் கையில் என்று சுக்கானை இவளிடம் விட்டுப் போகிறான்.

பெனாசிர் தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் சொன்னதைச் சொல்லு என்றாள். விளையாட்டுதானேக்கா, விடு என்றான் அவன். அவன் கை டப்பாவுக்குள் போய் ஒரு சீட்டை எடுத்தது. பதினேழு. நல்ல எண்தான். படகோட்டி மகள் நொண்டிக் காலோடு கப்பலைக் காப்பாற்றிவிட்டாள். வாசிம் நிம்மதியாக மூச்சு விட்டான்.

பெனாசிருக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. இப்படித்தான் ஆயுசுக்கும் யாராவது ஒருவர் நடுவில் உட்கார்ந்து அவள் பேச்சை மாற்றிச் சொல்லப்போகிறார்கள். சமோசா தட்டோடு உள்ரூமுக்குள் வந்த ஷரீபா, மகளின் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் தோளை அழுத்திப் பிடித்தாள். வாயைத் திறந்தால் என் மய்யித்தைத்தான் பார்ப்பாய் என்று காதோடு சொன்னாள். அம்மா பாவம் என்று பெனாசிருக்குத் தெரியும். தெரிந்தும் பேசினாள், ஹாலுக்குக் கேட்கிற மாதிரியே பேசினாள்.

“அவ நொண்டி இல்லீங்க. அவளுக்கு வலிப்பு வரும். சின்னதுலேர்ந்தே வருது. சொல்லக்கூடாதுன்னு அவுங்கம்மா சத்தியம் வாங்கிட்டாங்க.”

வாசிம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சலாமின் குரல் வந்தது. அந்தக் கணீர் இப்போது அதில் இல்லை.

“கேப்டனுக்கு எப்பத் தெரியணும்னு அவ நெனைக்கிறா?”

“கப்பல் கெளம்புறதுக்கு முன்னாடி.”

“எறக்கி விட்டுட்டா?”

“அந்தப் பயம் இருக்குங்க. ரொம்ப இருக்கு.”

ஷரீபா திரையைத் தள்ளிக்கொண்டு ஹாலுக்கு ஓடினாள். புள்ளை சும்மா கதை கட்டுது, விளையாட்டை விளையாட்டா எடுத்துக்கங்க தம்பி என்றாள். சலாம் சீட்டுகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டு மூடியைத் திருகினான். பிறகு, நிச்சயத்தன்று எங்கம்மா உங்களிடம் கேட்டார்கள்தானே, பிள்ளைக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டார்கள்தானே என்றான். குரலில் நியாயமான கோபம் இருந்தது. ஷரீபா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கிளம்பிவிட்டான் என்று பெனாசிர் கண்ணை மூடிக்கொண்டாள். படகோட்டி மகளை ஏன் உண்டாக்கினோம் என்றுகூட ஒரு நொடி நினைத்தாள்.

காலடிச் சத்தம் வாசலுக்குப் போகவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது.

“என்ன மாத்திர போடுறீங்க? பேரைச் சொல்லுங்க. ஷார்ஜால கெடைக்குதான்னு ரூமுக்குப் போன் போட்டுக் கேக்கணும்.”

மாத்திரையின் பெயர் பாதிதான் அவள் வாயிலிருந்து வந்தது. மீதியைச் சொல்ல வாசிம் வாயெடுத்தான்.

“நீ இரு மச்சான்” என்றான் சலாம். “அவுங்களே சொல்லட்டும்.”

பெனாசிர் சொன்னாள்.