ஆரோக்கியராஜுக்கு மூன்று புள்ளி மூன்று வோல்ட்

காலை பத்தேகாலுக்கு அலுவலகத்தைப் புதிய சர்க்யூட் போர்டுக்கு மாற்றினார்கள். ஆரோக்கியராஜ் அணைந்துபோனார். டீ கிளாஸ் உதட்டுக்கு நாலு விரற்கடை தூரத்தில் நின்றது. ஆவியும் நின்றது.

இதெல்லாம் வழக்கம்தான். ஒரு போர்டைச் சோதிக்கும் நாளில் கட்டடம் முழுக்க அதில்தான் ஓடும். யாருக்கு எத்தனை வோல்ட், யார் முதலில் என்று பிரித்துக் கொடுப்பது அதன் நடுவிலிருக்கும் பவர் சிப். முதல் லைனில் விளக்கு வந்தது. இரண்டாவதில் லிஃப்ட் வந்தது. மூன்றாவது லைன் ஆரோக்கியராஜ். அவர் வரவில்லை.

ஐந்து மணிக்குள் வராதவர்களைச் சீட்டு ஒட்டிக் குடோனுக்கு அனுப்பிவிடுவார்கள். போர்டை வடிவமைத்தவள் பூங்கோதை. ஆரோக்கியராஜ் அவளுக்குப் பதினோரு வருடமாக எதிர் மேசையில் இருக்கிற மனுஷன். அவரைக் குடோனுக்கு விடுவதாக இல்லை.

சிப்பின் பட்டியலில் மூன்றாவது லைனுக்கு மூன்று புள்ளி மூன்று வோல்ட் என்று எட்டுத் தடவை எழுதினாள். எட்டுத் தடவையும் சிப் அதையே திருப்பிச் சொன்னது. மீட்டரில் பார்த்தால் சைபர். சரி, சிப்பிடம் நேரிலேயே கேட்டுவிடலாம் என்று போர்டின் செம்புத் தடத்தின் வழியே உள்ளே நடந்தாள். நடக்க நடக்கத் தடம் நீண்டது. நீளட்டும் என்று அவளும் நடந்தாள்.

கடைசியில் சிப் கறுப்பு சஃபாரி போட்டுக்கொண்டு, இருபத்து நான்கு கால்களையும் மேசைக்கடியில் மடக்கி உட்கார்ந்திருந்தது.

"மூணாவது லைன் ஏனுங்க வரலை?"

"யாரும் கூப்பிடலைங்க."

"பட்டியல்ல எழுதியிருக்கேனுங்களே!"

"கல்யாணப் பத்திரிகையைத் தபால்ல போட்டா ஆச்சுங்களா? நேர்ல வந்து கூப்பிடணுமில்லீங்க?"

சிப் தன் பதினேழாவது காலை நீட்டிக் காட்டியது. மூன்றாவது லைனை எழுப்புகிற கால். அதில் எதுவும் இணைக்கப்படவில்லை. சிப்புக்குள்ளேயே பார்த்துக்கொள்வார்கள் என்று பூங்கோதை வரைபடத்தில் சும்மா விட்டிருந்தாள். கால் அந்தரத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது.

"வான்னும் சொல்லலை. வராதேன்னும் சொல்லலை. எப்படிங்க வர்றது?"

அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. டிஃபன் பாக்ஸிலிருந்து பத்தாயிரம் ஓம் ரெசிஸ்டர் ஒன்றை எடுத்தாள். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, அதன்மேல் ரெசிஸ்டரை வைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"குடும்பத்தோட வந்துடணுங்க."

பிறகு பதினேழாவது காலுக்கும் மின்சாரத் தடத்துக்கும் நடுவே அதை வைத்துச் சால்டரால் பற்றவைத்தாள். தூரத்தில் யாரோ டீயை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பூங்கோதைக்குக் கண் நிறைந்துவிட்டது.

சிப் பட்டியலைப் புரட்டியது. "உங்க பேரு எந்த லைன்லயும் இல்லைங்களே. உங்களை யாரு கூப்பிட்டாங்க?"

யோசித்துப் பார்த்தாள். பதினோரு வருடமாகத் தானாகத்தான் வந்துகொண்டிருக்கிறாள். தன்னை எந்த லைனிலும் எழுத அவளுக்குத் தோன்றவே இல்லை.

விரல் நுனிகள் அணைந்தன. அழுது என்ன ஆகப்போகிறது என்று திரும்பி நடந்தாள். தடம் இன்னும் நீண்டது. முழங்கால் அணைந்தது. அணைந்த காலை இழுத்துக்கொண்டு நடந்தாள். அலுவலக வாசலுக்கு வந்தபோது மணி நாலு ஐம்பத்தெட்டு. பார்வை மட்டும் பாக்கி இருந்தது.

ஆரோக்கியராஜ் டீயைக் குடித்து முடித்தார். கிளாஸை வைத்துவிட்டு வாசலைப் பார்த்தார்.

"வாங்க பூங்கோதை. ஏன் அங்கயே நிக்கறீங்க?"

முதலில் விரல்கள் வந்தன. பிறகு முழங்கால் வந்தது. வரிசை சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே அவள் உள்ளே போனாள்.