மோலாம் பாட ஒரு மேடை

2024ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் இருபதாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, சுவிஸின் ஷ்லீரன் ஊரில் உள்ள ஒரு மண்டபத்தில், அனோஜா என்ற பெண்ணைப் பாட வரும்படி அழைத்துவிட்டு, அவளைப் பாடவிடாமற் செய்தார்கள். "நேரம் போதவில்லை" என்று அவளை அழைத்த தமிழ்ச் சங்கத்தார் இன்றுவரை சொல்லி வருகிறார்கள். நேரம் போதாமற் போகவில்லை, நேரத்தைத் தின்றார்கள்.

அனோஜா மன்னார்ப் பெண். அவள் பாடுவதோ தாய்லாந்தின் வடகிழக்குக் கிராமத்து மக்களின் மோலாம். மூங்கிற் குழல்களை இரட்டை வரிசையாக அடுக்கிக் கட்டிய 'கேன்' என்னும் வாத்தியத்தை ஒருவர் ஊத, மற்றவர் ஒரு கதையை மூச்சு வாங்காமல் பாட்டாகச் சொல்லிச் செல்லும் கலை அது. சுவிஸில் வாழும் தாய்லாந்துக்காரர் தங்கள் விழாக்களுக்கு அவளைத் தேடி அழைக்கிறார்கள். வேற்று நாட்டுப் பெண்ணொருத்தி தங்கள் பேச்சின் நெளிவு பிசகாமற் பாடுவதைக் கேட்டுக் கண் கலங்குகிறார்கள். நம்மவர்களோ, "உனக்கேன் பிள்ளை இந்த வேலை? நல்லதா ஒரு பக்திப் பாட்டுப் பாடன்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இந்தப் பாட்டை அவள் கடையில் வாங்கிக் கேட்டுக் கற்றவளல்லள். தாயை இழந்த சிறுமியாகத் தகப்பன் றேமன்டோடு ஊரைவிட்டு வந்து, பாங்கொக்கில் விசா முடிந்து அகப்பட்டுக்கொண்ட காலத்தில், அவரைக் குடிவரவுத் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். தனித்து நின்ற பிள்ளையைக் கீழ்வீட்டு மாலி தன் அறைக்கு அழைத்துக்கொண்டாள். மாலி தெருவோரத்தில் பப்பாசிச் சம்பல் விற்றவள். உரலில் காய் இடிபடும் தாளத்துக்கு மோலாம் பாடுவாள். பிள்ளையும் கூடப் பாடும். சோற்றைப் பொதியாகக் கட்டிக்கொண்டு மாலி அடிக்கடி அந்த முகாம் வாசலுக்குப் போவாள். உறவுக்காரியல்லள் என்று ஒவ்வொரு முறையும் அவளைத் திருப்பி அனுப்பினார்கள். திருப்பிக் கொண்டுவந்த பொதியை இருவரும் பங்கிட்டு உண்பார்கள்.

பின்னர் விடுபட்டு மகளோடு சுவிஸுக்கு வந்துசேர்ந்த றேமன்டுக்கு இது தெரியாது. "அந்த நாட்டில ஒரு நாய்கூட என்னைத் தேடி வரேல்லை" என்பது அவர் ஆண்டாண்டாகச் சொல்லும் வாசகம். முகாமில் காவலரின் வானொலியில் பகல் முழுவதும் ஒலித்தது இதே மோலாம். "அதைக் கேட்டா அந்த அறை மணக்குது" என்று, மகள் அதை வீட்டில் முணுமுணுத்தாற்கூட எழுந்து போய்விடுவார். மாலியைப் பற்றிச் சொல்ல அவள் வாயெடுத்த போதெல்லாம் அவர் வெளியே போகச் செருப்பைத்தான் தேடினார்.

ஆகவே மாலியின் கதையை அவள் ஒரு மோலாமாகக் கட்டினாள். கடைசி இரண்டு வரிகளை மட்டும் தமிழில் அமைத்தாள். முகாம் வாசலில் சோற்றுப் பொதியோடு நின்றவள் யார் என்று அவ்வரிகள் அப்பாவிடம் சொல்லும். சங்கத்தின் கலைமாலை நிகழ்ச்சியில் றோல்ஸ் பொரிப்பவர் றேமன்ட். கொதிக்கும் எண்ணெயை விட்டு எழுந்து போக முடியாது. அவள் இந்த அழைப்பை ஏற்றுக்கொண்ட காரணம் அதுதான்.

சலவைத் தொழிற்சாலையில் காலை வேலையை முடித்துக்கொண்டு, வீங்கிய காலோடு அவள் வந்து சேர்ந்தாள். பாசல் நகரில் சமையற்காரராக இருக்கும் தாய்லாந்துக்காரர், அவளுக்குக் கேன் ஊதும் சோம்பொன், வாத்தியத்தைத் துணியிற் சுற்றி அணைத்துக்கொண்டு முன்னரே வந்திருந்தார். மோலாம் பாடுவோர் குருவை வணங்காமல் வாய் திறப்பதில்லை. ஐந்து சோடி மெழுகுதிரியும் ஐந்து சோடி வெள்ளைப் பூவும் ஒரு தட்டில் வைத்து வணங்க வேண்டும். அந்தத் தட்டை ஆயத்தப்படுத்தி ஒப்பனை அறை மேசையில் வைத்துவிட்டு, அவள் முகம் கழுவப் போனாள். திரும்பி வந்தபோது தட்டைக் காணவில்லை.

அது மண்டப வாசலில் இருந்தது. மெழுகுதிரிகள் எரிந்துகொண்டிருந்தன. நடுவிலே குங்குமம் குழைத்து வைக்கப்பட்டிருந்தது. மாதர் அணித் தலைவி யோகாம்பாள் அத்தட்டைப் பிரதம விருந்தினரின் முகத்துக்கு நேரே வலமும் இடமுமாகச் சுற்றி, பூவை எடுத்து அவர் தலையிலே தூவினார். விருந்தினர் கைகூப்பி ஏற்றுக்கொண்டார்.

"அன்ரி, அது என்ர தட்டு."

"ஐயோ பிள்ளை, உன்ரயோ? ஆராத்தித் தட்டை வீட்டில மறந்துபோய் விட்டிட்டு வந்திட்டன். இது மேசையில கிடந்துது. ஆரோ எனக்காகத்தான் அடுக்கி வைச்சிருக்கினம் எண்டு நினைச்சன்."

"குங்குமம்?"

"அது நான்தான் வைச்சனான். குறையாக் கிடந்துதே எண்டு."

சோம்பொன் தட்டைப் பார்த்தார். கோபப்படவில்லை. "குருவை வணங்காமல் ஊதினால் மூச்சு வரும். கேன் பேசாது" என்று தம் மொழியில் மெல்லச் சொல்லிவிட்டுச் சுவரோரமாக அமர்ந்தார்.

யோகாம்பாள் தம் கொண்டையில் இருந்த மல்லிகைச் சரத்தை இழுத்தெடுத்து அவள் கையில் வைத்தார். "இந்தா. இதைப் பிச்சு வை. பாவம் எனக்கு வேண்டாம்."

மெழுகுதிரிக்காக அனோஜா குசினிக்குள் இழுப்பறைகளைத் திறந்து துழாவினாள். அடுப்பண்டை நின்ற றேமன்ட் திரும்பிப் பார்த்தார்.

"என்ன தேடுறாய்?"

"மெழுகுதிரி."

"ஏன், கரண்ட் போகப் போகுதோ?"

"குருவுக்கு, அப்பா."

"உனக்கு ஆர் குரு?"

"ஒரு பப்பாசிக்காரி."

அவர் றோல்ஸ்களைப் புரட்டினார். ஒன்று கருகிவிட்டிருந்தது. அதைத் தனியே எடுத்து வைத்தார்.

"கார் டிக்கிக்குள்ள செபமாலைக்கு வாங்கின மெழுகுதிரி கிடக்கு. எடு. மாதா குறை நினைக்கமாட்டா." சாவியை நீட்டிவிட்டு, "ஆனா நான் கேக்கமாட்டன்" என்றார்.

"கேக்க வேண்டாம். கதவை மட்டும் திறந்து வையுங்கோ. புகை போகட்டும்."

குங்குமத்தைக் கழுவித் துடைத்த தட்டில் மல்லிகையும் மாதாவின் மெழுகுதிரியும் அமர்ந்தன. சோம்பொன் தலையசைத்தார். இருவரும் மண்டியிட்டு வணங்கினர். பின்னர் காத்திருந்தனர்.

மேடையில் சங்கத் தலைவர் தம்பித்துரை "இரண்டே இரண்டு வார்த்தை" பேசிக்கொண்டிருந்தார். கலைதான் ஓர் இனத்தின் உயிர் என்றார். கலைஞர்களைப் போற்றாத இனம் அழியும் என்றார். பிரதம விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தினார். விருந்தினர் அவருக்குப் போர்த்தினார். முன்னாள் தலைவருக்கு இருவரும் சேர்ந்து போர்த்தினார்கள். விருந்தினரைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தவருக்கும் ஒன்று மிச்சமிருந்தது. போற்றப்பட வேண்டிய கலைஞர்கள் திரைக்குப் பின்னால் தட்டுமுட்டுச் சாமான்களோடு நின்றார்கள். அனோஜாவுக்குக் கால் கடுத்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாமா என்றுகூட எண்ணினாள்.

'அப்வார்ட்' என்று இங்கே அழைக்கப்படும் மண்டபப் பராமரிப்பாளர், சாவிக் கொத்தோடு வாசலில் வந்து நின்றார். ஆறு மணிக்கு மண்டபம் துப்புரவாக இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அதன்பிறகே தம்பித்துரைக்கு ஞாபகம் வந்தது.

"அடுத்ததா, எங்கட அனோஜா சீன மொழியில ஒரு பாட்டு. கெதியாப் பாடிப்போட்டு இறங்குவா. சனங்கள், கதிரையளை அடுக்கி உதவி செய்யுங்கோ!"

உதவி செய்வதில் நம்மவர்களை மிஞ்ச முடியாது. கேன் மூச்செடுத்த அதே கணத்தில் மண்டபம் முழுவதும் இரும்புக் கதிரைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. ஒலிபெருக்கிக்காரர் அவள் காலடியிலிருந்தே வயரைச் சுருட்டத் தொடங்கினார். அவள் பாட்டின் முதற் கூவலை நீட்டினாள். அது மேடை விளிம்பைத் தாண்டவில்லை. அப்வார்ட் பின்வரிசை விளக்குகளை அணைத்தார். இனி முழுக் கதைக்கும் இடமில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. சோம்பொன்னைத் திரும்பிப் பார்த்தாள். அவர் புரிந்துகொண்டு வேகத்தை மாற்றினார். மாலியின் தெருவையும் உரலையும் விட்டுவிட்டு, அவள் நேரே கடைசி இரண்டு வரிகளுக்குப் போனாள்.

குசினிக் கதவில் றேமன்ட் நின்றார். கையில் எண்ணெய் வடியும் கரண்டி. மற்றக் கையைக் காதோரம் குவித்திருந்தார்.

"கதிரையை வையுங்கோடா!" என்று அவர் திடீரெனக் கத்தினார். "பிள்ளை பாடுது, தெரியேல்லையோ? இருங்கோ எல்லாரும்!"

அதிர்ந்து போய்ச் சிலர் அடுக்கிய கதிரைகளின் மேலேயே அமர்ந்தார்கள். மண்டபம் அமைதியாயிற்று. ஆனால் அந்த வரிகள் அதற்குள் முடிந்திருந்தன. கேன் மட்டும் சற்று இழுத்து ஓய்ந்தது. அப்வார்ட் மிச்ச விளக்கையும் அணைத்தார்.

சோம்பொன் பாசல் ரயிலுக்கு ஓடினார். வாகனத் தரிப்பிடத்தில், சட்டியைப் பின்னிருக்கையில் ஏற்றிய றேமன்ட், கதவை மூடாமலே கேட்டார்.

"கடைசியில தமிழோ பாடினனி?"

"ஓம்."

"ஒண்டும் பிடிபடேல்லை. இந்தக் கதிரைச் சத்தம். என்ன சொன்னனி?"

அனோஜா வாயெடுத்தாள். பாட்டாக வந்த ஒன்று பேச்சாக வர மறுத்தது. "கதைச்சா நீங்கள் எழும்பிப் போவியள், அப்பா."

"இப்ப நிண்டனான்தானே."

"நிண்டியள். கேக்கேல்லை."

அவர் தலை குனிந்தார். "அப்ப, அந்தக் குழல் ஊதினவரையும் வைச்சுக்கொண்டு முழுசா இன்னொருக்காப் பாடு. நான் இருந்து கேக்கிறன்."

"எங்கயப்பா?"

அவர் பின்கதவைச் சாத்தினார். அவள் காரினுள் ஏறிச் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

எங்கே என்பதற்கு விடை சொல்ல வேண்டியவர் றேமன்ட் அல்லர். இதனை வாசிக்கும் நீங்களும் ஏதாவதொரு சங்கத்தில் அங்கத்தவராக இருப்பீர்கள்; ஏதாவதொரு கலைமாலையை நடத்துவீர்கள். அந்தப் பெண்ணை அழையுங்கள். பேச்சாளர்களுக்கெல்லாம் முன்னதாக அவளை மேடையேற்றுங்கள். தகப்பனை முன்வரிசையில் இருத்துங்கள். அவள் கடைசி வரியைப் பாடி முடிக்கும் வரை, தயவுசெய்து, உங்கள் கதிரையைவிட்டு எழாதீர்கள்.