பச்சைக் காரின் பழுப்புக் கதவு

ஹாரன் அலறலில் பட்டறையின் தகரக் கூரையே அதிர்ந்தது. நேற்று வேலை முடிந்து, இருட்டிய பிறகு எடுத்துப்போன கார் திரும்பி வந்திருந்தது. உடம்பெல்லாம் கரும்பச்சை. புதிதாகப் பெயின்ட் அடித்த இடது கதவு மட்டும் அசல் பழுப்பு.

"கதவை வேற வண்டியிலேருந்து கழட்டி மாட்டினீங்களா?" என்றார் கார்க்காரர்.

பெயின்ட் கலக்கும் மேசையருகே நின்ற பெயின்டர் கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்தார். பட்டறை முதலாளி அவர் மனைவியின் அண்ணன். அந்த உறவால் கிடைத்த ஒரே சலுகை, மற்றவர்களுக்குத் தனியாகக் கிடைக்கும் திட்டு இவருக்குச் சபையில் கிடைக்கும்.

"மாப்ளே, அது கண்ணா, சட்டைப் பொத்தானா?" என்று கத்தினார் முதலாளி.

முதலாளியின் கண் இருக்கிறதே, அதுதான் அங்கே உச்ச நீதிமன்றம். அது பார்த்துத் தலையசைக்காமல் எந்த நிறமும் ஸ்பிரே கன்னுக்குள் போகாது. இந்தக் கதவுக்குப் பெயின்டர் முதலில் கலந்தது காரோடு கச்சிதமாக ஒட்டிப்போயிற்று. நீதிமன்றம் ஏற்கவில்லை. "டல்லடிக்குது. சிவப்பு ஊத்து." ஊற்றினார். "இன்னும் கொஞ்சம்." ஊற்றினார். "பழுப்பா ஆயிடுச்சே மச்சான்?" என்று கேட்டும் பார்த்தார். "உனக்கு அப்படித்தான் தெரியும்" என்று பதில் வந்தது. பதினோரு வருடமாக இதையே கேட்டால் யாருக்கும் தன் கண்மேல் சந்தேகம் வரும். அவருக்கும் வந்திருந்தது.

"இப்பவே கண்ணைச் சோதிப்போம். தேறலைன்னா நாளையிலேருந்து நீ உப்புத்தாள் தேய்க்கிற. கலவைக்கு வேற ஆள்" என்றார் முதலாளி.

எதிரே இருந்த மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து கண் பரிசோதிக்கும் அம்மா, வண்ணப் புள்ளிகளுக்குள் எண்கள் ஒளிந்திருக்கும் வட்டப் படங்கள் நிறைந்த புத்தகத்தோடு வந்தார்.

"கண்ணுக்குள்ள பின்பக்கம் ஒரு திரை இருக்கு. அதுல குச்சி மாதிரி செல்லுங்க கோடிக்கணக்கில. மங்கல் வெளிச்சத்துல அதுங்கதான் வேலை செய்யும், ஆனா நிறம்னா என்னன்னே தெரியாது. நிறத்துக்குக் கூம்பு மாதிரி செல்லுங்க, மூணு வகை. மூணும் தர்ற சேதியை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் இது சிவப்பு, இது பச்சைன்னு மூளை முடிவு பண்ணும். ஒரு வகை பிறவியிலேயே சரியில்லைன்னா ரெண்டும் குழம்பிடும். ஆம்பளைங்களுக்குத்தான் இது அதிகம். பல பேருக்குத் தனக்கு இருக்கிறதே தெரியாது."

"கேட்டுக்கோ மாப்ளே, உன்னைப் பத்தித்தான் சொல்றாங்க!" முதலாளிக்கு அன்றைக்கு வந்த முதல் சிரிப்பு அது.

புத்தகம் திறந்தது. பெயின்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். பதினோரு வருடக் கலவை வேலை, அந்தப் புள்ளி வட்டத்துக்குள் ஊசலாடியது.

"எழுபத்தி நாலு."

அம்மா பக்கத்தைத் திருப்பினார்.

"ஆறு... இது நாப்பத்தஞ்சு."

கார்க்காரரும் எட்டிப் பார்த்து, "ஆமா, நாப்பத்தஞ்சுதான்" என்றார்.

பின்னாலிருந்து கழுத்தை நீட்டிக்கொண்டிருந்த முதலாளி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். புத்தகத்தைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார். பிறகு மேசைமேல் பொத்தென்று போட்டார்.

"எல்லாருமா சேர்ந்து என்னை முட்டாளாக்குறீங்களா? வெறும் புள்ளி மட்டும் இருக்கிற பக்கத்துல நம்பர் எங்கேய்யா இருக்கு?"