சகலையைவிட அஞ்சு கிலோ கூட

சகலைக்கு, வேலை செய்ய முடியாதவர்களுக்கு அரசு கொடுக்கிற உதவித்தொகை கிடைத்துவிட்டது என்று மனைவி சொன்ன அன்று ரெட்டைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்தான்.

"வயிறு சரியில்ல."

"வயிறா, வயித்தெரிச்சலா?" என்று கேட்டுவிட்டு அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

இருவரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். ஒரே குடோனில் சிமெண்டு மூட்டை சுமந்தவர்கள். இரண்டு மூட்டையை ஒன்றாகத் தூக்குவான் என்பதால் இவனுக்கு ரெட்டை என்று பேர் விழுந்தது. சகலை எப்போதும் ஒற்றைதான், அதையும் முனகிக்கொண்டே. ஒருநாள் லாரிப் பலகையிலிருந்து வழுக்கி விழுந்தான், முட்டி நொறுங்கியது, தகடு வைத்தார்கள். அந்த எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்தால் குழந்தைக்குக்கூடத் தெரியும். ரெட்டைக்கு முதுகில் டிஸ்க் நசுங்கியிருந்தது. விழுந்ததில்லை, உடைந்ததில்லை, மூட்டை மூட்டையாகத் தேய்ந்தது. செருப்பு மாட்டக் குனிய முடியாது. காலையில் கட்டிலை விட்டு இறங்க மனைவியின் தோள் வேண்டும். ஆனால் பார்க்கிறவன் கண்ணில் படுவது எருமைக் கழுத்தும் உருண்ட தோளும்தான். சகலை தெருவில் காலை இழுத்து இழுத்துப் போகும்போது ரெட்டைக்கு அந்த நொண்டல்மேலேயே பொறாமை வந்தது. நொண்டிக் காட்ட அவனுக்கு ஒரு காலாவது இருக்கிறது.

ரெட்டையும் மனுப் போட்டான், பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். முந்தின நாள் சாயங்காலம் சகலை படியேறி வந்தான், படிக்கு ஒரு மூச்சு விட்டு.

"அண்ணே, அங்க போய் வீரம் பேசாதீங்க. உடம்பு மோசமா இருக்கிற நாளை நெனச்சுப் பதில் சொல்லுங்க. ஒரு தடவை முடியுமான்னு அவங்க பாக்கல. நாள் முழுக்க, தினமும் முடியுமான்னுதான் பாக்குறாங்க."

"எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டியா?"

"பட்டவன் சொல்றேன்."

"எவ்வளவு எடை தூக்குவேன்னு கேட்டிருப்பாங்களே. என்ன சொன்னே?"

சகலை முட்டியைத் தடவினான். "பத்து கிலோ."

பத்து கிலோ தூக்குகிறவனுக்கு உதவித்தொகை. அவன் போன பிறகும் ரெட்டை அதையே மென்றுகொண்டிருந்தான்.

பரிசோதனை அறையில் எலும்பு டாக்டரும், கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டு ஒரு பெண் அதிகாரியும் இருந்தார்கள். சட்டையைக் கழற்றினான். குனியச் சொன்னார்கள், கை முழங்காலைத் தாண்டவில்லை. படுக்கவைத்து ஒவ்வொரு காலாக டாக்டர் தூக்கினார். ரெட்டை பல்லைக் கடித்தான். எவ்வளவு நேரம் உட்கார முடியும், நடந்தால் எங்கே நிற்க வேண்டிவரும், எல்லாவற்றுக்கும் உள்ளதை உள்ளபடி சொன்னான். சுவரோரம் உட்கார்ந்திருந்த மனைவி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"கீழேயிருந்து எவ்வளவு எடை தூக்குவீங்க?" அதிகாரி திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

குடோனில் தினமும் காலையில் மேஸ்திரி கேட்கிற கேள்வி இது. வரிசையில் நிற்கவைத்து, "எத்தனை?" என்பார். இன்றைக்கு எத்தனை மூட்டை இறக்குவாய் என்று அர்த்தம். முன்னால் நிற்கிறவனைவிடக் குறைத்துச் சொன்னவன் வீட்டுக்குப் போகலாம். அதனால் எவனும் குறைத்ததில்லை. முன்னவன் சொன்னதன்மேல் ஏற்றிச் சொல்லிச் சொல்லியே நாக்கு பழகிப்போயிருந்தது. இப்போது முன்னால் நின்றவன் சகலை.

"பதினஞ்சு கிலோ," என்றான் ரெட்டை.

மனைவியின் தலை ஆட்டம் நின்றது.

"அடிக்கடி தூக்குவீங்களா, எப்பவாவதா?"

"தூக்கச் சொன்னா தூக்குறதுதான்."

அதிகாரி தட்டிக்கொண்டார். கட்டிலிலிருந்து இறங்க டாக்டர் கை நீட்டினார். ரெட்டை அதைப் பிடிக்கவில்லை.

இலேசான வேலை செய்யத் தகுதி உள்ளவர், உதவித்தொகை இல்லை என்று பதில் வந்தது. வேண்டுமானால் மறுபரிசீலனை கேட்கலாம். மனைவி கத்தவில்லை.

"உங்க உடம்புல வலியில்லாம இருக்கிறது வாய் ஒண்ணுதான்," என்றாள். அதோடு தங்கை வீட்டுக்கு ஆள் அனுப்பினாள்.

சகலை வந்து உட்கார்ந்தான். "என்னண்ணே சொன்னீங்க?"

"பதினஞ்சு."

சகலைக்கு விளங்கக் கொஞ்ச நேரமானது. "அய்யோ, பத்துன்னு உங்ககிட்டதான் சொன்னேன். அங்க, ஒண்ணும் முடியலங்கன்னு அழுதுட்டேன். அதை உங்ககிட்ட வந்து எந்த மூஞ்சியோட சொல்றது?"

அழுதிருக்கிறான். அதிலும் முந்திக்கொண்டான்.

மனைவி அஞ்சு கிலோ அரிசிப் பையைக் கொண்டுவந்து நடுவீட்டில் வைத்தாள். "தூக்குங்க."

"எதுக்குடி?"

"தூக்குங்களேன்."

ரெட்டை குனிந்தான். விரல் பையின் காதில் படுவதற்கு முன்பே இடுப்பு பூட்டிக்கொண்டது. முன்னும் போக முடியவில்லை, பின்னும் வர முடியவில்லை. தாங்கிப் பிடிக்கச் சகலை எழுந்தான். முட்டி மடங்காமல் நாற்காலியிலேயே விழுந்தான். மனைவி ஒரு கையால் புருஷனை நிமிர்த்தி உட்காரவைத்தாள், மறு கையால் பையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"மறுபடி கூப்பிடுவாங்க. அப்போ என்ன சொல்வீங்க?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள்.

ரெட்டைக்கு இன்னும் மூச்சு வாங்கியது. "அஞ்சு."

"இப்பதான் பாத்தமே."

"சரி, நாலு."

சகலை தரையைப் பார்த்துக்கொண்டு முட்டியைத் தேய்த்தான். "நான்னா மூணுதாண்ணே சொல்வேன்."

ரெட்டை அவனை முறைத்தான். "அப்போ நான் ரெண்டு."

"எனக்கு ஒண்ணரைக்கு மேல ஆகாது."

"ஒண்ணு," என்றான் ரெட்டை.

சகலை அதோடு விட்டுக்கொடுத்தான்.