வெள்ளைக் காரின் நல்ல மூச்சு

அன்று காலையில் அந்த வெள்ளைக் கார் மூன்றாவது தடவையாகப் புகைச் சோதனையில் பாஸாகிக்கொண்டிருந்தது. சின்னக் கார். பழசுதான், ஆனால் கண்ணும் கருத்துமாக வைத்திருந்த கார். அதன் பின்குழாயில் கருவியின் குழலைச் செருகினால் திரையில் வருகிற எண்களைப் பார்த்து எந்த அதிகாரியும் வாய் திறக்க முடியாது. அச்சாகி வந்த சான்றிதழில் மட்டும் வேறொரு காரின் எண் இருந்தது. அந்தக் கார் மஞ்சள் நிறத்தில் பக்கத்து மேடையில் உறுமிக்கொண்டு நின்றது. அதன் பின்குழாய்ப் பக்கம் யாரும் போகவே இல்லை.

இந்தக் கைங்கரியத்தைச் செய்துகொண்டிருந்தவன் அந்தச் சோதனை நிலையத்தின் பரிசோதகன். வீட்டில் அவன் தம்பி. நாமும் அப்படியே கூப்பிடுவோம். தம்பி லஞ்சம் வாங்குகிறவன் இல்லை. "நான் ஒருத்தன்கிட்டயும் கைநீட்டி ஒரு பைசா வாங்கினதில்ல" என்று டீ குடிக்கிற இடத்தில் நின்று அடிக்கடி சொல்வான். உண்மைதான், பைசா வாங்கியதில்லை. வாங்கியதெல்லாம் சவாரிதான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அக்கா புருஷன் ஏதாவதொரு ஸ்போர்ட்ஸ் காரின் சாவியை அவன் மடியில் போடுவார். தன் ஆயுளில் சொந்தமாக வாங்க முடியாத காரைத் தம்பி ஊர் பார்க்க ஓட்டிக்கொண்டு போவான். அதற்கும் லஞ்சம் என்றுதான் பெயர் என்பது அவனுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பது வசதியாக இருந்தது.

அக்கா புருஷனுக்கு ஊர் வைத்த பெயர் குதிரை. ஸ்போர்ட்ஸ் கார்களுக்குக் குதிரைத் திறனைக் கூட்டித் தருகிற ஒர்க்‌ஷாப் அவருடையது. எஞ்சினில் எரிந்த புகை முதலில் இறங்குகிற குழாய்த் தொகுதிக்கு ஹெட்டர் என்று பெயர். கம்பெனி போட்டுத் தருகிற ஹெட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, நீளமும் அகலமும் கூடிய வெளிச்சந்தை ஹெட்டரை மாட்டினால் எஞ்சின் தாராளமாக மூச்சுவிடும், இழுவை கூடும். இதெல்லாம் பொய்யில்லை. ஆனால் இந்தக் காலத்துக் கார்களில் புகையின் விஷத்தைக் குறைக்கிற டப்பாவும் அந்தப் பழைய ஹெட்டரோடு ஒட்டியே இருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் குதிரை எறிவார். இழுவை கூடுவதை வாடிக்கையாளரிடம் விலாவாரியாகச் சொல்வார். விஷம் கூடுவதைப் பற்றி மூச்சு விடமாட்டார்.

அப்படி மாற்றிய எந்தக் காரும் நேர்மையான சோதனையில் தேறாது. அதற்குத்தான் மச்சினன் இருந்தான். மச்சினனுக்கு வெள்ளைக் கார் இருந்தது.

வெள்ளைக் கார் அக்காவுடையது. அக்கா மருந்துக் கடையில் மருந்தாளர். டாக்டர்களின் கோழிக் கிறுக்கலைப் பார்த்த மாத்திரத்தில் படித்துவிடுவாள். எந்த மாத்திரையோடு எது சேரக் கூடாது, எந்தப் பெரியவருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். வீட்டில் யார் எதை எங்கே வைத்துவிட்டுத் தேடினாலும் அவளைத்தான் கேட்பார்கள். தன் காரைத் தம்பி தினமும் சோதனை நிலையத்துக்கு ஓட்டிக்கொண்டு போவது எதற்கென்று அவள் கேட்டதில்லை. வேலைக்குப் போய்வர வைத்துக்கொள்ளட்டும் என்று பஸ்ஸில் போனாள்.

ஒருநாள் பல் டாக்டர் ஒருவர் தன் சிவப்புக் காரைக் குதிரையிடம் திரும்பக் கொண்டுவந்தார். ஹெட்டர் மாட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லை. கூடவே அவர் மனைவியும் வந்து கேட்டருகே நின்றாள்.

"மாஸ்டர், காரு பிரமாதமா இழுக்குது. ஆனா இவளுக்கு உள்ள உட்கார்ந்தாலே தலை வலிக்குதாம். சிக்னல்ல நின்னா குமட்டுதுங்கிறா."

குதிரை அந்த அம்மாளை ஏற இறங்கப் பார்த்தார். "குதிரையில ஏறினா குலுங்கத்தான் டாக்டர் செய்யும். ஒத்துக்கலைன்னா அம்மாவுக்கு ஒரு பஸ் பாஸ் எடுத்துக் குடுத்துடுங்க."

ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். சாவிக்காக அங்கே வந்திருந்த தம்பியும் சிரித்தான். டாக்டரும் சிரித்தார். அந்த அம்மாள் மட்டும் சிரிக்காமல், "எனக்கு வேகம் பயமில்லைங்க. நிக்கும்போதுதான் தலை வலிக்குது" என்றாள். அன்று அந்த ஒர்க்‌ஷாப்பில் புத்தியோடு பேசிய ஒரே ஆள் அவள்தான். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

காரை விட்டுவிட்டுப் போங்கள், ஓட்டிப் பார்க்கிறேன் என்றார் குதிரை. மச்சினனையும் ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றினார். இரண்டு பேரும் கண்ணாடியை முழுசாக இறக்கிவிட்டிருந்தார்கள். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அது பிறவிக் குணம் மாதிரி. குழாயின் சத்தத்தைக் கேட்காவிட்டால் காரில் போய் என்ன பிரயோசனம்? வெயிலானாலும் தூசியானாலும் கண்ணாடியை ஏற்றமாட்டார்கள். சத்தம் உள்ளே வருகிற வழியாகக் காற்றும் வரும், உள்ளே சேர்ந்ததெல்லாம் பறந்துவிடும் என்பது அவர்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

"மாமா, முன்னாடி என்னமோ டிக் டிக்னு கேட்குதே?"

"மிருகம் மூச்சு விடுது மாப்ள. இதுக்காகத்தானே ஹெட்டரே போடுறான்."

"எங்கியாவது புகை கசியுதோ?"

"உனக்குத் தலை வலிக்குதா?"

"இல்ல."

"எனக்கும் இல்ல. பொம்பளைக்கு ஒரு கோளாறுன்னா காருக்கும் கோளாறா? விடு."

அந்தக் காருக்கு வருடச் சோதனையும் அந்த வாரமே வந்தது. தம்பி அதைக் கொண்டுபோய் மேடையில் நிறுத்தினான். வழக்கம்போல வெள்ளைக் கார் பக்கத்தில் நின்றது. குழலைக் கையில் எடுத்தவனுக்கு அந்த டிக் டிக் சத்தம் மறுபடி கேட்டது. ஒரு நிமிஷம் சிவப்புக் காரில் செருகிப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். குழல் நீளமானது, எட்டும். அவன் போனை எடுத்துக் குதிரையைக் கூப்பிட்டான்.

"மாமா, இதுல ஒரு தடவை விட்டுப் பார்த்துடட்டுமா? சும்மா நமக்குத் தெரிஞ்சுக்க."

"எதுக்கு? உன் மிஷின் கத்தும், பக்கத்துல இருக்கிறவன் எட்டிப் பார்ப்பான். ஞாயித்துக்கிழமை காரு வேணுமா வேண்டாமா உனக்கு?"

தம்பிக்கு வேண்டியிருந்தது. குழல் வெள்ளைக் காருக்குள் போயிற்று. சிவப்புக் கார் அமோகமாகப் பாஸானது.

டாக்டர் வெளியூர் போயிருந்ததால் கார் குதிரையின் வீட்டு வாசலிலேயே நின்றது. அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை மருந்தாளர் வேலை கிடைத்தது. வருஷக்கணக்காகக் காத்திருந்த வேலை. முதல் நாள் காலையில் நல்ல மழை.

"தம்பி, இன்னிக்கு மட்டும் என் காரை எனக்கு விட்டுடுடா. முதல் நாளே நனைஞ்சுக்கிட்டுப் போய் நிக்க முடியாது."

"அய்யோ அக்கா, இன்னிக்கு மாமாவோட காருங்க நாலு சோதனைக்கு வருது. வெள்ளைக் காரு இல்லாம எனக்கு ஆகாது. நீ சிவப்பு காரை எடுத்துட்டுப் போ. ராணி மாதிரி போய் இறங்கு."

"அந்தம்மாவுக்குத் தலை வலிச்ச காருதானே அது?"

"அது அவங்களுக்கு. நாங்க ஊரெல்லாம் சுத்திட்டு வந்தோமே, ஒண்ணும் ஆகலையே. நான் பார்த்துச் சான்றிதழ் குடுத்த காருக்கா. தைரியமாப் போ."

தம்பி சொன்னால் அக்காவுக்குச் சரிதான். சாவியை வாங்கிக்கொண்டாள். அவன் வெள்ளைக் காரை எடுத்துக்கொண்டு போனான். கதவுக் கண்ணாடிகளை இறுக ஏற்றிக்கொண்டு அவள் மழைக்குள் இறங்கினாள்.

மழையில் மேம்பாலத்துக்கு அடியில் வண்டிகள் சிக்கி நகராமல் நின்றன. அவளும் அதில் மாட்டிக்கொண்டாள். தலை வலிக்க ஆரம்பித்தபோது முதல் நாள் படபடப்பு என்று நினைத்திருக்கிறாள். கைப்பையில் இருந்து தலைவலி மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள். பிரித்த அட்டை பக்கத்துச் சீட்டில் கிடந்தது. அப்புறம் அவள் தலை ஸ்டியரிங் மேல் சாய்ந்து ஹார்ன் அலற ஆரம்பித்தது.

ஹார்ன் விடாமல் அலறியது, யாரும் இறங்கி வரவில்லை. சுற்றி நின்றவர்களுக்கு அது ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், அவ்வளவுதான். அந்த மாதிரிக் கார்களின் குழாய்ச் சத்தத்தில் தூக்கம் கெட்டவர்கள், குழந்தை மிரண்டு அழுதவர்கள் அந்தக் கூட்டத்தில் நிறையப் பேர். "பணத் திமிரைப் பாரு, மழையில ஹார்ன் அடிச்சா வழி வந்துடுமா?" என்று ஒருவன் கத்தினான். பின்னால் நின்றவர்கள் பதிலுக்குத் தங்கள் ஹார்னை அழுத்தினார்கள். எல்லோருமாகச் சேர்ந்து அவள் மேல் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார்கள். நனைந்துகொண்டு நின்ற ஒரு ஸ்கூட்டர்காரர், திட்டுவதற்காகத்தான், கண்ணாடியைத் தட்டிக் குனிந்து பார்த்தார்.

அக்கா அன்றைக்குப் போகவேண்டிய ஆஸ்பத்திரிக்கே போய்ச் சேர்ந்தாள். வேலைக்கு இல்லை, அவசரப் பிரிவுக்கு.

போலீஸ் காரைத் திறந்து பார்த்தது. ஹெட்டரை மாட்டும்போது குதிரை, புகை கசியாமல் இணைப்பை அடைக்கிற கேஸ்கெட்டைப் புதிதாகப் போடாமல் நைந்துபோன பழையதையே வைத்து முடுக்கியிருந்தார். இணைப்பில் புகை கசிந்துகொண்டிருந்தது. டாக்டர் ஆசைப்பட்டுக் கேட்ட கூடுதல் மீட்டர் ஒன்றுக்கு ஒயர் இழுக்க, எஞ்சினுக்கும் உட்காருகிற இடத்துக்கும் நடுவிலிருந்த ரப்பர் அடைப்பைப் பிடுங்கியவர் திரும்ப வைக்கவில்லை. டப்பா இல்லாத எஞ்சினின் முழு விஷமும் அந்த ஓட்டை வழியாக உள்ளே வந்திருக்கிறது.

ஆஸ்பத்திரி நடையில் குதிரை மச்சினனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். கட்டின மனைவி உள்ளே கிடக்கிறாள். மனுஷன் முகத்தில் கவலை இருந்தது, யாரைப் பற்றிய கவலை என்பதுதான் விஷயம்.

"மாப்ள, காரு பாஸ்னு சான்றிதழ் இருக்கு. சோதனை பண்றப்போ நல்லாத்தான் இருந்துச்சுன்னு அழுத்திச் சொல்லிடு. அதுக்கப்புறம் எங்கியோ பள்ளத்துல அடிவாங்கியிருக்குன்னு போயிடும்."

"அக்கா உள்ள கிடக்கா மாமா."

"அதுக்கு நான் என்ன பண்ண? கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வச்சிருக்கலாம் இல்ல? யாராவது அந்தக் காரைக் கண்ணாடி ஏத்திட்டு ஓட்டுவாங்களா?"

தம்பி அவரை விலக்கிவிட்டு நடந்தான். இதே வாய்தான் அந்த அம்மாளைப் பஸ்ஸில் போகச் சொன்னது. அன்றைக்குக் கூடச் சேர்ந்து சிரித்தது தன் வாய் என்பதும் ஞாபகம் வந்தது. விசாரிக்க வந்த அதிகாரியிடம் நேராகப் போய், "நான் அந்தக் காரைச் சோதிக்கவே இல்லீங்க. எங்க அக்கா காரைத்தான் சோதிச்சேன். இதுக்கு முன்னாடி குடுத்ததும் எல்லாம் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டான்.

அவன் வேலை போயிற்று, வழக்கும் வந்தது. ஒர்க்‌ஷாப்புக்குச் சீல் வைத்தார்கள். குதிரை ஜாமீனில் வந்து, குடும்பத்தைக் காட்டிக்கொடுத்தவன் என்று ஊரெல்லாம் மச்சினனைத் திட்டினார். பழைய வாடிக்கையாளர்கள் அவருக்காகப் பரிதாபப்பட்டார்கள். அக்காவுக்காக யாரும் அவ்வளவு பரிதாபப்பட்டதாகத் தெரியவில்லை.

அக்கா பிழைத்தாள். ஆனால் கை நடுங்குகிறது. பேச்சு இருக்கிறது, யோசனை இருக்கிறது, புதிதாகக் கேட்டது மட்டும் ஒருநாள்கூடத் தங்குவதில்லை. மாத்திரைப் பெயர்களில் பாதி போய்விட்டது. மற்றவர்களுக்கு மருந்து எடுத்துக் கொடுத்தவளுக்கு இப்போது தம்பிதான் மருந்து எடுத்துக் கொடுக்கிறான். அவளை அவன்தான் தன்னோடு அழைத்து வந்து ஒரு சின்ன அறையில் வைத்திருக்கிறான்.

தினமும் காலையில் நடுங்கும் கையில் தம்ளரைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்பாள்.

"எனக்கு என்னடா ஆச்சு?"

"காருக்குள்ள புகை வந்துடுச்சுக்கா."

"எந்தக் காரு? நீ பார்த்துச் சான்றிதழ் குடுத்த காருன்னு சொன்னியே, அதுவா?"

முதல் சில நாட்கள் அவன் பேச்சை மாற்றிப் பார்த்தான். அவள் விடவில்லை. பிறகு சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிவிட்டான்.

"நான் பார்க்கலக்கா. உன் காரைச் சோதிச்சிட்டு, அந்தக் காருக்குச் சான்றிதழ் குடுத்தேன்."

ஒவ்வொரு நாளும் அவள் முகம் அப்போதுதான் முதல் தடவையாக அடிவாங்கியது போல மாறும். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்ப்பாள். திட்டமாட்டாள், திட்டினால்கூட அவனுக்குத் தேவலை.

"யாரோ ஒருத்தர் மூச்சுல விஷம் கலக்குதுன்னு தெரிஞ்சேதான் குடுத்திருக்க. அந்த யாரோ ஒருத்தர் நம்ம வீட்டு ஆளா இருக்கமாட்டாங்கன்னு நினைச்சுக்கிட்ட. வேண்டியவங்களுக்காகக் கண்ணை மூடிக்கிட்டுப் போடுற கையெழுத்து யார் கழுத்தை நெரிக்கும்னு போடுறவனுக்குத் தெரியாதுடா தம்பி. அதனால போடவே கூடாது."

"சரிக்கா."

"நாளைக்கு மறந்துடாத."

"மறக்கமாட்டேன்" என்பான் அவன். மறுநாள் காலையில் அவள் தம்ளரைப் பிடித்துக்கொண்டு, எனக்கு என்னடா ஆச்சு என்று கேட்பாள்.